பள்ளிவாசல் திறந்துவிட்டது: பொறுப்பு யாருடையது?



  

மார்ச் 20 அன்று நம் பள்ளியில் ஸஃப் நிறைந்து ஜும்ஆ தொழுதோம். அதற்குப் பிறகு 23 வெள்ளிக்கிழமைகள். மிம்பருக்கு முன்னால் மோதினாரும் நிர்வாகிகள் மூன்று பேரும் மட்டும் அமர்ந்திருக்க நான் குத்பா ஓதினேன். ரமளானும் அப்படியே போயிற்று, இரண்டு பெருநாள்களும் அப்படியே போயின. செப்டம்பர் 1ஆம் தேதி முதல் வழிபாட்டுத் தலங்களைத் திறக்கலாம் என்று தமிழக அரசு அறிவித்தது. சென்ற வாரம், 4ஆம் தேதி, நீங்கள் வந்தீர்கள். ஆறடிக்கு ஒருவராக நின்று, வீட்டிலிருந்து கொண்டுவந்த முஸல்லாவை விரித்து, முகக்கவசத்தோடு தக்பீர் கட்டினீர்கள். ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது எத்தனை பேருடைய கவசம் நனைந்திருந்தது என்பதை நான் பார்த்தேன்.

குத்பாவையும் பயானையும் சேர்த்து பத்து நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்று நாமே முடிவு செய்திருக்கிறோம். அதனால் மிம்பரில் சுருக்கிச் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன். அங்கே சொல்ல நா எழாத ஒன்றையும் இதில் எழுதியிருக்கிறேன்.

திறந்த நாளிலிருந்து என்னிடம் வருகிற கேள்விகள் பல வடிவத்தில் வந்தாலும் ஒரே கேள்விதான். "ஹஜ்ரத், இனி ஒருத்தருக்கு நோய் வந்தா அது யார் பொறுப்பு?"

சிலர் இதற்கு விடையையும் கூடவே கொண்டு வருகிறார்கள். அல்லாஹ்வின் வீட்டில் வைத்து நோய் வராது என்கிறார் ஒருவர். வந்தாலும் ஷஹீதுடைய கூலி கிடைக்கும் என்கிறார் இன்னொருவர். மதுக்கடையை மே மாதமே திறந்தார்கள், பள்ளியை மட்டும் செப்டம்பர் வரை பூட்டினார்கள், இப்போது இத்தனை நிபந்தனை எதற்கு என்று கோபப்படுகிறார் மூன்றாமவர்.

கோபத்திலிருந்தே தொடங்குவோம். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது, எனக்கும் அது இருந்தது. ஆனால் மதுக்கடை வரிசையில் மக்கள் முண்டியடித்தார்கள் என்பது நம் ஸஃபில் முண்டியடிக்க ஆதாரமாகாது. அநீதியாகப் பூட்டப்பட்டிருந்த கதவாகவே இருந்தாலும், அது திறந்த பிறகு உள்ளே நிற்கிற மனிதனுடைய நுரையீரலுக்கு அந்த அநீதி தெரியாது. இந்தப் பேச்சு இவ்வளவு போதும்.

அல்லாஹ்வின் வீட்டில் நோய் வருமா என்பதற்கு ஹதீஸ் கலையின் பெரும் இமாமிடமே போகலாம். ஸஹீஹுல் புகாரிக்கு ஃபத்ஹுல் பாரி என்ற விரிவுரை எழுதிய இப்னு ஹஜர் அல்அஸ்கலானி (ரஹ்) அவர்கள், கொள்ளை நோயைப் பற்றி மட்டுமே ஒரு தனி நூல் எழுதியிருக்கிறார்கள். அதன் பெயர் பத்லுல் மாஊன். வெறும் ஏட்டறிவால் எழுதியவர் அல்லர் அவர். தம் பெண் மக்களில் மூவரைக் கொள்ளை நோய்க்குப் பறிகொடுத்தவர். ஹிஜ்ரி 833இல் கெய்ரோவில் தாம் கண்ணால் கண்டதை அதில் பதிவு செய்கிறார்கள். நோய் தொடங்கியபோது நகரில் ஒரு நாளைக்கு இறந்தவர்கள் நாற்பதுக்கும் குறைவு. மக்கள் மூன்று நாள் நோன்பு வைத்து, நகருக்கு வெளியே பாலைவெளியில் திரண்டு, அழுது துஆ செய்து திரும்பினார்கள். அந்த மாதம் முடிவதற்குள் ஒரு நாளைக்கு இறப்பவர்களின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. அதற்கு முன் டமாஸ்கஸில் ஹிஜ்ரி 749இலும் இப்படியே கூடினார்கள், கூடிய பிறகு நோய் அதிகமானது என்றும் எழுதுகிறார்கள்.

அந்த மக்களின் ஈமானில் குறை கண்டுபிடிக்க நமக்கு எந்தத் தகுதியும் இல்லை. அவர்கள் நோன்பு வைத்தவர்கள், அழுதவர்கள். நன்மைக்காகக் கூடினாலும் கூட்டம் கூட்டம்தான் என்பதை அந்த இமாம் மறைக்காமல் எழுதினார்களே, அந்த நேர்மையைத்தான் நான் உங்களிடம் காட்ட விரும்புகிறேன். நோய் எப்படிப் பரவுகிறது என்று அன்று யாருக்கும் தெரியாது. நமக்குத் தெரியும். மூடிய இடம், நெருங்கி நிற்பது, குரல் உயர்த்துவது, நீண்ட நேரம் இருப்பது ஆகியவற்றால் இது பரவுகிறது என்றும், இருமல் காய்ச்சல் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றலாம் என்றும் மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். தெரியாதவர்களுக்கு இருந்த மன்னிப்பு தெரிந்துவிட்ட நமக்குக் கிடைக்குமா?

ஷஹீதுடைய கூலி பற்றிய ஹதீஸ் உண்மையானது, அதில் ஐயமில்லை. ஆனால் அதை முழுதாகப் படியுங்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் புகாரியின் அறிவிப்பில் அந்தக் கூலி யாருக்கு என்றால், கொள்ளை நோய் வந்த ஊரில் பொறுமையோடு, நன்மையை எதிர்பார்த்து, அல்லாஹ் எழுதியதைத் தவிர வேறெதுவும் தன்னை அடையாது என்ற உறுதியோடு தங்கியிருப்பவருக்கு. முஸ்னத் அஹ்மதின் அறிவிப்பில் தன் வீட்டில் தங்கியிருப்பவர் என்றே வருகிறது. இருமிக்கொண்டே வந்து முதல் ஸஃபில் நிற்பவருக்கு இந்த ஹதீஸில் இடமில்லை.

இன்னும் எளிய ஒரு ஹதீஸ் இருக்கிறது. பூண்டோ வெங்காயமோ பச்சையாகத் தின்றவர் நம் பள்ளியை விட்டு விலகியிருக்கட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை நாம் சிறு வயதிலிருந்தே கேட்டு வருகிறோம். பூண்டு ஹலால். அதைத் தின்றவர் பாவி அல்லர். ஆனாலும் அவருடைய மூச்சு பக்கத்தில் நிற்பவரைத் தொந்தரவு செய்கிறது என்பதற்காக ஜமாஅத் தொழுகையிலிருந்தே விலகச் சொல்லப்பட்டார். வாடைக்கே இந்தச் சட்டம் என்றால் நோய்க்கு என்ன சட்டம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஸகீஃப் கூட்டத்தார் பைஅத் செய்ய மதீனாவுக்கு வந்தபோது அவர்களில் ஒருவருக்குத் தொழுநோய் இருந்தது. உம்முடைய பைஅத்தை ஏற்றுக்கொண்டோம், நீர் திரும்பிச் செல்லலாம் என்று நபி (ஸல்) அவர்கள் ஆளனுப்பிச் சொன்னார்கள் என்பது முஸ்லிமில் இருக்கிறது. அந்த மனிதர் நபியின் கையைத் தொடாமல் திரும்பிப் போனார். அவருடைய பைஅத்தில் எந்தக் குறையும் வரவில்லை.

மறுபக்கமும் ஒரு கூட்டம் உண்டு. இன்னும் ஆறு மாதம் பூட்டியே வைத்திருக்கலாமே என்பவர்கள். வசதியான வீட்டில், மாதச் சம்பளம் தவறாமல் வந்துகொண்டிருப்பவர்கள் இதைச் சொல்லும்போது நான் பதில் சொல்வதில்லை, ஒன்றை மட்டும் நினைவூட்டுவேன். ஜும்ஆவைப் பற்றிய வசனத்தில் பாங்கு கேட்டதும் வியாபாரத்தை விட்டுவிட்டு விரையச் சொன்ன அல்லாஹ், அடுத்த வசனத்திலேயே தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அவன் அருளைத் தேடச் சொல்கிறான். பள்ளியின் கதவும் கடையின் கதவும் குர்ஆனில் அடுத்தடுத்து இருக்கின்றன. திறப்பது உலக ஆசை, பூட்டுவது தக்வா என்று பிரிக்க முடியாது. திருப்பூரில் பனியன் கம்பெனிகள் நின்ற வாரங்களில் நம் மஹல்லாவிலேயே எத்தனை வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது பைத்துல்மால் நோட்டைப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். கேட்டுப் பழக்கமில்லாத கைகள் கேட்டன. ஓதிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஆறு மாதத்தில் ஸூராக்களை மறந்துவிட்டார்கள். ஐந்து வேளையும் பள்ளிக்கு வந்து நாலு பேரைப் பார்த்து ஸலாம் சொல்லிப் பழகிய முதியவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாங்கை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் தீங்கு இல்லையா? ஒரு தீங்கை இன்னொரு தீங்கால் நீக்கக் கூடாது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று. திறக்கத்தான் வேண்டும். எப்படித் திறப்பது என்பதில்தான் நம் மார்க்கம் சோதிக்கப்படுகிறது.

ஹிஜ்ரி 18இல் ஷாம் தேசத்தில் அம்வாஸ் கொள்ளை நோய் பரவியபோது கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அங்கே சென்றுகொண்டிருந்தார்கள். ஸர்க் என்ற இடத்தில் படைத் தலைவர்கள் எதிரே வந்து, ஊரில் நோய் பரவியிருக்கிறது என்றார்கள். உமர் (ரலி) முதலில் முஹாஜிர்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர்களிடையே கருத்து வேறுபாடு. அன்ஸார்களைக் கேட்டார்கள், அவர்களிடமும் அதே வேறுபாடு. மக்கா வெற்றியின் காலத்துக் குறைஷி முதியவர்களைக் கேட்டபோதுதான் அனைவரும் ஒரே குரலில் திரும்பிவிடச் சொன்னார்கள். நம் நிர்வாகக் கூட்டத்தில் சத்தம் வந்ததே என்று வெட்கப்படுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். ஸஹாபாக்களிலேயே இரண்டு குழுக்கள் பிளவுபட்டுத்தான் பேசின.

திரும்புவது என்று முடிவானதும் அபூஉபைதா (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று கேட்டார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து அல்லாஹ்வின் விதிக்கே போகிறோம் என்றார்கள் உமர் (ரலி). ஒரு பள்ளத்தாக்கின் ஒரு கரை பசுமையாகவும் மறு கரை வறண்டும் இருந்தால், உம்முடைய ஒட்டகத்தை எந்தக் கரையில் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிப்படிதானே என்று விளக்கினார்கள். அதன் பிறகுதான் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வந்து, நோயுள்ள ஊருக்குள் நுழையாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் வந்தால் அதைவிட்டு ஓடாதீர்கள் என்ற நபிமொழியைச் சொன்னார்கள்.

இந்தச் சம்பவத்தை எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறேன். இந்த வருடம்தான் அது எனக்குப் பாடமாயிற்று. அதைச் சொல்கிறேன்.

ஜூலை மாதக் கடைசி. பள்ளி பூட்டியிருந்த நேரம். உள்ளே தொழுதவர்கள் நாங்கள் ஐந்து பேர்தான். ஒரு புதன்கிழமை ஃபஜ்ருக்குப் பாங்கு சொன்ன நம் மோதினாரின் குரல் கரகரத்தது. இகாமத்தின்போது இரண்டு முறை இருமினார். நான் கேட்டேன், இருமலைக் கேட்டேன் என்கிறேன், அவரிடம் எதுவும் விசாரிக்கவில்லை. வியாழக்கிழமையும் விசாரிக்கவில்லை. அவர் இல்லையென்றால் பாங்கு சொல்ல ஆள் தேட வேண்டும், அடுத்த நாள் ஜும்ஆ, அதற்கடுத்த நாள் பக்ரீத் பெருநாள். இதெல்லாம் என் மனதில் ஓடியது. வெறும் தொண்டைக் கட்டுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெருநாளுக்கு மறுநாள் அவருக்குக் காய்ச்சல் ஏறியது. பரிசோதனையில் தொற்று உறுதியானது. எங்கள் அனைவரையும் தனிமைப்படுத்தினார்கள்.

மோதினார் குணமடைந்துவிட்டார், அல்ஹம்து லில்லாஹ். அவரிடம் கேட்டு அனுமதி வாங்கித்தான் இதை எழுதுகிறேன். எங்களோடு ஸஃபில் நின்ற நிர்வாகிகளில் மூத்தவர் ஒருவர், உங்கள் அனைவருக்கும் தெரிந்தவர், மருத்துவமனையிலிருந்து திரும்பவில்லை. நான்கு பேர் கவச உடையோடு கபருஸ்தானுக்குக் கொண்டு போனார்கள். நாற்பது வருடம் இந்த ஊரின் ஜனாஸாக்களுக்கு முன்னால் நின்று கபர் வெட்டுவதிலிருந்து கஃபன் துணி வரை பார்த்தவர் அவர்.

தொற்று மோதினாரிடமிருந்துதான் அவருக்கு வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அதே வாரம் அவர் வங்கிக்குப் போயிருந்தார், பக்ரீதுக்கு ஆடு பார்க்கவும் போயிருந்தார். ஃபிக்ஹின்படி இதில் என் மீது நஷ்டஈடோ கஃப்பாராவோ வராது. காரணம் உறுதிப்படவில்லை. அது எனக்குத் தெரியும், ஏழு வருடம் ஓதியவன்தானே. ஆனால் அந்த மஸ்அலாவை வைத்துக்கொண்டு நான் தூங்கிவிட முடியவில்லை.

இத்தா முடியாத வீடு. வாசலில் தள்ளி நின்று துக்கம் விசாரிக்கப் போனேன். மகன் வெளியே வந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன், இருமலைக் கேட்டும் விசாரிக்காமல் விட்டதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அத்தாவுக்கு அல்லா எழுதினது அவ்வளவுதான் ஹஜ்ரத்" என்றார்.

அன்புச் சகோதரர்களே! அந்த வார்த்தையை அவர் சொல்லலாம். நான் சொல்ல முடியாது. அன்றிலிருந்து நான் இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆதம் (அலை) அவர்களும் மூஸா (அலை) அவர்களும் வாதிட்டது புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. சொர்க்கத்திலிருந்து எங்களை வெளியேற்றினீர்களே என்று மூஸா (அலை) கேட்க, எனக்கு முன்பே எழுதப்பட்டதற்கா என்னைப் பழிக்கிறீர் என்று ஆதம் (அலை) கேட்டு வாதத்தில் வென்றார்கள். இதை விளக்கும்போது நம் உலமாக்கள் ஒரு வரம்பு வைத்தார்கள்: நேர்ந்துவிட்ட துன்பத்துக்கு விதியை ஆதாரமாகக் காட்டலாம், செய்த குற்றத்துக்குக் காட்டக் கூடாது. ஆதம் (அலை) அவர்கள் தம் தவறுக்காக அழுது தவ்பா செய்து முடித்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. தவறு நடந்தபோது அவர்கள் விதியைச் சொல்லவில்லை, எங்களுக்கு நாங்களே அநீதி செய்துகொண்டோம் என்றுதான் சொன்னார்கள். விதியைப் பேசியவன் இப்லீஸ், நீ என்னை வழிகெடுத்துவிட்டாயே என்று.

இழந்தவன் விதியைச் சொன்னால் அது ஸப்ரு. கவனக்குறைவாக இருந்தவன் அதே வார்த்தையைச் சொன்னால் அது தப்பித்தல். வார்த்தை ஒன்றுதான், சொல்லும் வாய்தான் வேறு.

அபூதாவூதில் ஒரு ஹதீஸ் வருகிறது. பயணத்தில் ஒரு தோழருக்குத் தலையில் காயம் பட்டிருந்தது. குளிப்பு கடமையானது. தயம்மும் செய்ய எனக்குச் சலுகை உண்டா என்று உடனிருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்றார்கள். குளித்தார், இறந்துவிட்டார். செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது அவர்கள் தக்தீர் என்று சொல்லி ஆறுதல்படுத்தவில்லை. அவரைக் கொன்றுவிட்டார்கள் என்று கடுமையாகச் சொன்னார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்கக் கூடாதா என்றார்கள். அந்தத் தோழர்கள் வேண்டுமென்று எதையும் செய்யவில்லை, வணக்கத்தைச் சரியாக நிறைவேற்ற வேண்டும் என்ற பேணுதலில் சொன்னதுதான். மிம்பரில் நின்று சட்டம் சொல்கிற என் போன்றவர்கள் இந்த ஹதீஸை மாதம் ஒரு முறை படிக்க வேண்டும். இதே நூலில் இன்னொரு தோழர், அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி), கடுங்குளிரில் குளித்தால் உயிருக்கு ஆபத்து என்று அஞ்சி தயம்மும் செய்து தொழவைத்தார்கள். உங்களை நீங்களே கொன்றுகொள்ளாதீர்கள் என்ற குர்ஆனின் தடையை ஆதாரமாகச் சொன்னார்கள். நபி (ஸல்) அவர்கள் சிரித்தார்கள், மறுப்பு எதுவும் சொல்லவில்லை. பிற்காலத்தில் அம்வாஸ் நோயில் அபூஉபைதாவும் முஆத் இப்னு ஜபலும் (ரலி) வஃபாத்தான பிறகு, மக்களை மலைகளுக்குக் கலைந்து போகச் சொன்னவர்களும் இதே அம்ரு (ரலி) அவர்கள்தான்.

இனி கம்பெனிக்கு வருகிறேன். சென்ற வாரம் ஒரு முதலாளி வந்தார். ஐம்பது அறுபது பேர் வேலை செய்யும் யூனிட். பவர் டேபிள்களைத் தள்ளிப் போட்டிருக்கிறார், ஜன்னல்களைத் திறந்துவைத்து ஏசியை நிறுத்தியிருக்கிறார், சாப்பாட்டு நேரத்தை மூன்றாகப் பிரித்திருக்கிறார், வாசலில் காய்ச்சல் பார்க்கிறார்கள். நல்ல மனிதர். கடைசியில் கேட்டார். "ஹஜ்ரத், காய்ச்சல்னு வீட்ல இருந்தா சம்பளம் குடுக்கணும்னு மார்க்கத்துல இருக்கா? அவங்க பீஸ் ரேட் ஆளுங்க."

பீஸ் ரேட் என்றால் தைத்த உருப்படிக்குக் கூலி. தைக்காத நாளுக்கு இல்லை. ஒப்பந்தப்படி கடமையில்லை என்றுதான் நான் சொல்ல வேண்டும், இல்லாத ஃபர்ளை நான் உண்டாக்க முடியாது. சொன்னேன். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. "காலையில காய்ச்சல் மாத்திரை போட்டுட்டு வந்தா உங்க மிஷின்ல சூடு காட்டாது, தெரியுமா?" என்று கேட்டேன். தெரியும் என்றார். அப்படி வருகிறார்களா என்றேன். தலையைக் குனிந்துகொண்டார்.

காய்ச்சலை மறைத்து வந்தவன் தவறு செய்தான். அவனை மறைக்க வைத்தது எது? இரண்டு நாள் படுத்தால் அந்த வார அரிசி இல்லை என்ற நிலை. அந்த நிலை நமக்குத் தெரிந்திருந்தும் கதவைத் திறந்துவைத்துவிட்டு, வருகிறவன் பொய் சொல்லிவிட்டான் என்று முடித்துவிட முடியாது. உங்கள் கைக்குக் கீழே உள்ளவர்கள் உங்கள் சகோதரர்கள், தாங்க முடியாததை அவர்கள் மீது சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கை கொடுங்கள் என்பது நபிமொழி. பசியா, பிறருக்கு ஆபத்தா என்று ஒரு ஏழையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதுதான் தாங்க முடியாத சுமை. காய்ச்சலில் படுப்பவருக்கு அரைக் கூலியாவது கொடுங்கள், ஜகாத்தில் சேர்க்காமல் கொடுங்கள் என்று கேட்டேன். ஜன்னலைத் திறப்பதும் மேசையைத் தள்ளிப் போடுவதும் பாதுகாப்பு என்றால் இதுவும் பாதுகாப்புதான், இதுதான் அவற்றில் கொஞ்சம் செலவு பிடிப்பது. யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் போயிருக்கிறார். இதைப் படிப்பார் என்று நம்புகிறேன்.

அவரிடம் இவ்வளவு பேசிவிட்டு வீட்டுக்கு நடக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. நம் மோதினாரும் பீஸ் ரேட் ஆள்தான். பள்ளி கொடுக்கும் சம்பளம் வீட்டு வாடகைக்குச் சரியாகப் போகும். மீதியெல்லாம் மக்தபில் ஓதிக்கொடுப்பதும், ஃபாத்திஹாவுக்கும் கத்தத்துக்கும் போவதும்தான். ஆறு மாதமாக அது எதுவும் இல்லை. இருமல் என்று சொன்னால் பெருநாள் அன்று கையில் விழும் நாலு காசும் போய்விடும் என்று அவர் பயந்தாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முதலாளியைத் தலை குனிய வைத்தேனே, எங்கள் பள்ளி எந்த வகையில் மேல்? நிர்வாகத்திடம் சென்ற ஞாயிறு இதைப் பேசினேன். நோயுற்றால் இமாமுக்கும் மோதினாருக்கும் முழுச் சம்பளத்தோடு விடுப்பு, பதிலுக்கு ஓத ஒருவரை இப்போதே தயார் செய்வது என்று தீர்மானம் எழுதியிருக்கிறார்கள். மூத்தவர் இருந்திருந்தால் முதல் கையெழுத்து அவருடையதாக இருந்திருக்கும்.

வர முடியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 65 வயதைத் தாண்டியவர்கள் வீட்டிலேயே தொழுதுகொள்ளும்படி 2020ஆம் ஆண்டு அரசின் வழிகாட்டுதலில் இருந்தது. மூன்று ஜும்ஆ விட்டால் உள்ளத்தில் முத்திரை விழுமே என்று ஒரு பெரியவர் தொலைபேசியில் அழுதார். அந்த ஹதீஸ் அலட்சியமாக விடுபவரைப் பற்றியது, பெரியத்தா. ஒரு மழை நாளில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், தொழுகைக்கு வாருங்கள் என்று அழைக்க வேண்டிய இடத்தில் வீடுகளிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று பாங்கில் சொல்லச் சொன்னார்கள். மக்கள் வியந்தபோது, என்னைவிடச் சிறந்தவர் இப்படிச் செய்தார்கள் என்று நபி (ஸல்) அவர்களைச் சுட்டினார்கள். அது வெறும் மழைக்கும் சேற்றுக்கும். ஓர் அடியான் நோயுற்றாலோ பயணம் போனாலோ, ஊரில் நலமாக இருந்தபோது செய்துவந்த அமல்கள் அவனுக்கு அப்படியே எழுதப்படும் என்று புகாரியில் வருகிறது. முப்பது வருடம் முதல் ஸஃபில் நின்றவருக்கு முதல் ஸஃப் இன்னும் எழுதப்பட்டுக்கொண்டுதான் இருக்கும் என்று அல்லாஹ்வின் மீது நல்லெண்ணம் வையுங்கள்.

ஸஃபில் இடைவெளி விட்டால் தொழுகை கூடுமா, வாயை மூடித் தொழுவது மக்ரூஹ் அல்லவா என்று கேட்பவர்களுக்கு: கூடும். இரண்டும் சாதாரண நேரத்தில் மக்ரூஹ்தான், தேவை வரும்போது அந்த வெறுப்பு நீங்கிவிடும். இதில் ஹனஃபி, ஷாஃபிஈ என்று சண்டை போட ஒன்றுமில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமைக்கான ஏற்பாடு. இடைவெளி விட்டு நின்றால் பள்ளியில் பாதிப் பேருக்குக் கூட இடமில்லை. மூத்த ஆலிம்களிடம் கலந்துகொண்டு, மதரஸா கட்டடத்தில் தனி இமாமோடு இன்னொரு ஜும்ஆ நடத்த முடிவாகியிருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபுச் சகோதரர்கள் 40 பேர் கணக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், இரண்டு இடத்திலும் அதற்கு மேல் இருப்பார்கள். ஹவுள் மூடியிருக்கும், வீட்டிலேயே ஒளூ செய்துவிட்டு வாருங்கள். முஸல்லாவும் தொப்பியும் உங்களுடையதாக இருக்கட்டும். ஸுன்னத்தை வீட்டில் தொழுதுகொள்ளுங்கள். முஸாஃபஹா வேண்டாம், ஸலாம் போதும். உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ காய்ச்சல், இருமல் இருந்தால் நிர்வாகத்துக்குச் சொல்லிவிடுங்கள். தினக்கூலியில் இருப்பவர் என்றால் அந்த வாரத்து அரிசியும் சாமானும் பைத்துல்மாலிலிருந்து வீட்டுக்கு வந்துவிடும், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

வாசலில் காய்ச்சல் பார்க்கும் பொறுப்பை மூத்தவரின் மகன் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார். அவர் உங்களைத் திரும்பிப் போகச் சொன்னால் அவரிடம் வாதாடாதீர்கள்.